டூலா கட்டணத்தை இன்ஷூரன்ஸிடம் கேட்டு வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் குழந்தை பெறப்போகும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்போது டூலா வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு எழுகிறது. கட்டணத்தைக் கேட்டதும் பேச்சு அநேகமாக நின்றுவிடுகிறது. ஒரு பிரசவத்துக்கு ஆயிரம் டாலர், இரண்டாயிரம் டாலர் என்கிறார்கள். நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ பக்கம் அதற்கும் மேலே போகிறது. "இதெல்லாம் இன்ஷூரன்ஸ்ல வராது" என்று தெரிந்தவர் யாராவது முடித்துவைத்துவிடுவார். பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் சொன்னது அநேகமாகச் சரி. இன்று பல மாநிலங்களிலும் பல வேலையிடங்களிலும் பணம் இருக்கிறது. கேட்காதவருக்கு மட்டும் அது வருவதில்லை. பிரசவத்துக்குச் சில மாதங்கள் முன்பே கேட்கத் தொடங்கியவருக்கும் குழந்தை பிறந்த பிறகு பில்லோடு போனவருக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறாக இருக்கும்.

டூலா யார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அவர் மருத்துவச்சி அல்ல. ரத்த அழுத்தம் பார்க்கமாட்டார், மருந்து தரமாட்டார், குழந்தையைப் பிடித்து எடுக்கமாட்டார். பிரசவத்துக்கு முன் சில முறை வீட்டுக்கு வந்து பேசுவார். வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை கூடவே இருப்பார். இடுப்பை அழுத்திவிடுவார், எப்படி உட்கார்ந்தால், எப்படிச் சாய்ந்தால் வலி தாங்கும் என்று காட்டுவார், மருத்துவர் சொன்னது புரியாவிட்டால் திரும்பக் கேட்கத் தைரியம் கொடுப்பார். பிறகு வீட்டுக்கு வந்து பால் கொடுக்க உதவுவார்.

ஊரிலிருந்து அம்மா வருகிறாரே, டூலா எதற்கு என்ற கேள்வி நம் வீடுகளில் எழும். நியாயமான கேள்விதான். பத்தியச் சாப்பாடு, குழந்தையைக் குளிப்பாட்டுவது, இரவில் மடியில் போட்டுத் தூங்கவைப்பது, இவற்றில் அம்மாவுக்கு ஈடு யாரும் இல்லை. ஆனால் அமெரிக்க மருத்துவமனையின் பிரசவ அறையை அவர் முதன்முறையாகப் பார்க்கிறார். நர்ஸ் பேசும் ஆங்கிலம் பிடிபடாது. மகள் துடிப்பதைப் பார்த்து அவரே கலங்கிப்போவார். கணவருக்கும் அது முதல் பிரசவமாக இருக்கலாம். நர்ஸுக்கு வேறு நோயாளிகளும் உண்டு, பணிநேரம் முடிந்ததும் மாறிவிடுவார். அந்த நேரம் முழுக்க ஒரே ஆள், பல பிரசவங்கள் பார்த்த ஆள், பக்கத்தில் இருப்பது தாய்க்குப் பெரிய பலம். அம்மாவும் டூலாவும் இருவரும் இருந்தால் மிகவும் நல்லது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி இரக்கத்துக்காகப் பணம் தருவதில்லை. அது கேட்பது சான்று, அந்தச் சான்று இருக்கிறது. மார்ஷல் கிளாஸ், ஜான் கெனல் என்ற குழந்தை மருத்துவர்கள் கவாதமாலாவில் தங்கள் குழுவோடு நடத்திய ஆய்வு 1980-ல் வெளிவந்தது. பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணையாக இருந்தாலே போதும், விளைவு மாறுகிறது என்று அது காட்டியது. 2017-ல் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, ஏறத்தாழ 15,800 பெண்களின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் வாய்ப்பு கால் பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. பிரசவ நேரமும் குறைந்திருந்தது. அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குப் பிரசவம் சிசேரியனில் முடிகிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கமே 2014-ல் தேவையற்ற முதல் சிசேரியனைத் தடுப்பது பற்றி வெளியிட்ட அறிக்கையில், டூலா போன்ற ஒருவர் தொடர்ந்து உடனிருப்பதை மிகப் பலன் தரும் வழிகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது. காக்ரேன் ஆய்வு, சங்கத்தின் அறிக்கை இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்பீல் எழுத நேர்ந்தால் தேவைப்படும்.

உங்கள் இன்ஷூரன்ஸின் பணம் யாருடையது?

"டூலாவுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் காப்பீட்டின் பணம் அரசுடையதா, இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையதா, நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்துடையதா என்பது. அட்டையில் ஒரே கம்பெனியின் பெயர் இருந்தாலும் பின்னால் இருக்கும் பணப்பை வேறாக இருக்கலாம். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அரசுப் பணம் என்றால் மெடிக்கெய்ட், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசுக் காப்பீடு. அமெரிக்காவில் நடக்கும் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு அதுதான் பணம் கட்டுகிறது. நம்மவர்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படிப்பவரின் மனைவி, வேலை போய் அடுத்த வேலை தேடும் குடும்பம், சிறு கடையில் மணிக்கணக்குச் சம்பளம் வாங்குபவர், இவர்களெல்லாம் தகுதி உடையவர்களாக இருக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு வருமான வரம்பு மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பல மாநிலங்களில் அதிகம்; வயிற்றில் இருக்கும் குழந்தையையும் ஒரு நபராகச் சேர்த்துத்தான் குடும்பத்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். விசா நிலையைப் பொறுத்துத் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிரீன் கார்டு பற்றிய கவலை இருந்தால் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெடிக்கெய்டில் டூலாவைச் சேர்த்த முன்னோடி மாநிலங்கள் ஓரிகானும் மின்னசோட்டாவும். அடுத்து 2021-ல் நியூஜெர்சி, 2023-ல் கலிஃபோர்னியா, 2024-ல் நியூயார்க் எனத் தொடர்ந்து இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தருகின்றன. கலிஃபோர்னியாவின் மெடி-கால் திட்டத்தில் முதல் சந்திப்பு ஒன்று, அதற்குமேல் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு சந்திப்புகள் வரை, பிரசவ நேரத் துணை, பிரசவத்துக்குப் பின் மூன்று மணி நேர நீண்ட சந்திப்புகள் இரண்டு வரை உண்டு. கரு கலைந்தாலும் இந்த உதவி உண்டு. அந்த நேரத்தில் இதைக் கேட்கத் தெம்பு இருக்காது என்பதால்தான் இங்கே சொல்கிறேன். நியூயார்க்கில் எட்டு சந்திப்புகளும் பிரசவத் துணையும் சேர்த்து, நியூயார்க் நகரத்தில் 1,500 டாலரும் மற்ற பகுதிகளில் 1,350 டாலரும் டூலாவுக்குக் கிடைக்கும் வகையில் கட்டணம் வகுத்தார்கள்.

மெடிக்கெய்டில் ஒரு சிக்கல் இருந்தது. டூலா சேவையை அது தடுப்புச் சேவை என்ற தலைப்பில் தருகிறது. கூட்டாட்சி விதிப்படி அந்த வகைச் சேவைக்கு உரிமம் பெற்ற மருத்துவரோ நர்ஸோ மருத்துவச்சியோ பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரை எழுத மருத்துவருக்கு நேரமில்லை, கேட்கத் தாய்க்குத் தயக்கம் என்று பலருக்கு வழி அடைபட்டது. கலிஃபோர்னியா 2023 நவம்பரிலும் நியூயார்க் 2024 ஜூனிலும் மாநிலத்தின் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து ஒரே பொதுப் பரிந்துரையை வெளியிட்டுவிட்டன. இந்த மாநிலங்களில் தனிக் கடிதம் கேட்டு உங்களை யாரும் திருப்பி அனுப்பக்கூடாது. அனுப்பினால், பொதுப் பரிந்துரை இருக்கிறது என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்; மருத்துவமனை வரவேற்பில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த தடை ஆள் கிடைப்பது. மின்னசோட்டா தொடக்கத்தில் ஒரு பிரசவம் முழுவதற்கும் 411 டாலர்தான் கொடுத்தது. இரவு பகலாக இருபது மணி நேரம் கூட இருப்பவருக்கு அது போதாது. பலர் மெடிக்கெய்டில் பதியவே இல்லை. ஓரிகான் 350 டாலராக இருந்ததை 2022-ல் 1,500 ஆக உயர்த்தியது. சட்டத்தில் சலுகை எழுதி, கொடுக்கும் தொகையைக் கிள்ளிக் கொடுத்தால் அந்தச் சலுகை ஏழைத் தாயிடம் போய்ச் சேராது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே மெடிக்கெய்ட் உள்ளவர்கள் நான்கு ஐந்து மாதத்திலேயே தேடத் தொடங்குங்கள். உங்கள் மெடிக்கெய்ட் திட்டத்தை அழைத்து, பதிவு பெற்ற டூலாக்களின் பட்டியல் கேளுங்கள். டூலா நேராகத் திட்டத்துக்கே பில் அனுப்புவார். அந்தச் சேவைக்கு உங்களிடம் தனியாகக் கூடுதல் பணம் கேட்க அவருக்கு அனுமதி இல்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சொந்தப் பணம் என்றால் மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். ரோட் ஐலண்ட் 2021-ல் இயற்றிய சட்டம் மெடிக்கெய்டோடு தனியார் காப்பீடும் டூலாவுக்குப் பணம் தரவேண்டும் என்றது; அது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இல்லினாயும் தனியார் காப்பீட்டுக்கு இதே போன்ற சட்டம் இயற்றியிருக்கிறது. பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது. உங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறையை அழைத்துக் கேட்டால் இன்றைய நிலையைச் சொல்வார்கள்.

ராணுவக் குடும்பங்களுக்கான டிரைகேரும் 2022 முதல் சோதனைத் திட்டமாக டூலாவுக்குப் பணம் தருகிறது.

வேலை தரும் நிறுவனத்தின் பணம்

அமெரிக்கத் தமிழர்களில் பெரும்பங்கினரை நேராகத் தொடுவது இதுதான். பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் கையிலிருந்தே கொடுக்கின்றன. ஏட்னா, சிக்னா, புளூ கிராஸ் என்று அட்டையில் இருப்பது கணக்குப் பார்த்துக்கொடுக்கும் கம்பெனி மட்டுமே. வேலைவழிக் காப்பீடு பெறும் ஊழியர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இப்படித்தான். 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய திட்டங்களை மாநிலச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைக்கிறது. அதனால்தான் ரோட் ஐலண்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இருவரில் ஒருவருக்குப் பணம் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை.

எச்.ஆரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் திட்டம் செல்ஃப்-ஃபண்டடா?" ஆம் என்றால் முடிவு எடுப்பவர்கள் அந்த அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். அது கெட்ட செய்தி என்று எண்ண வேண்டாம். மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றை நிறுவனம் தானாகவே தரலாம். வால்மார்ட் 2021-ல் ஜார்ஜியாவில் தன் ஊழியர்களுக்கு டூலா உதவியைத் தொடங்கிப் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் விரித்தது. மென்பொருள் நிறுவனங்கள் சில, மேவன், கேரட் போன்ற குடும்பநல நிறுவனங்கள் வழியாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கின்றன. இது மருத்துவக் காப்பீட்டுப் புத்தகத்தில் இருக்காது. "ஃபேமிலி பெனிஃபிட்" என்ற தனிப் பக்கத்தில் இருக்கும். காப்பீட்டுக் கம்பெனிக்கு ஃபோன் செய்து "கிடையாது" என்ற பதிலோடு விட்டுவிட்டால் அந்தத் தொகை இருப்பதே தெரியாமல் போகும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்தால் இரண்டு நிறுவனத்திலும் கேளுங்கள்.

காப்பீட்டுக் கம்பெனியிடம் பேசும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. டூலா சேவை என் திட்டத்தில் உண்டா? நெட்வொர்க்கில் டூலா யார் இருக்கிறார்கள்? நெட்வொர்க்குக்கு வெளியே உள்ளவரை வைத்தால் எவ்வளவு திரும்ப வரும், அதற்கு டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நான் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை, எவ்வளவு? முன் அனுமதி வேண்டுமா? திட்டத்தில் சேவை உண்டு, ஆனால் உங்கள் ஊரில் நெட்வொர்க் டூலா யாருமே இல்லை என்றால், வெளி டூலாவை நெட்வொர்க் ஆளாகவே கருதும்படி விதிவிலக்குக் கேட்கலாம். அதைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பேசியவர் பெயர், தேதி, அழைப்பின் குறிப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு அதே கேள்வியைக் கம்பெனியின் தளத்தில் உள்ள செய்திப் பெட்டியிலும் அனுப்புங்கள். வாயால் சொன்னதை மறுக்கலாம், எழுதியதை மறுப்பது கடினம். ஆங்கிலத்தில் பேசச் சங்கடப்படுபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கட்டணம் இல்லை.

வரி கட்டாத பணத்தில் கொடுப்பது

காப்பீடு கைவிரித்தாலும் எஃப்.எஸ்.ஏ., எச்.எஸ்.ஏ. கணக்குகள் இருக்கின்றன. சம்பளத்தில் வரி பிடிக்கும் முன்னரே ஒதுக்கிவைக்கும் மருத்துவப் பணம் இது. 22 சதவீத வருமான வரிப் பிரிவில் இருப்பவர் 1,500 டாலர் டூலா கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்த இந்தப் பணத்திலிருந்து கொடுத்தால், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியையும் சேர்த்து ஏறத்தாழ 445 டாலர் மிச்சம். கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் எச்.எஸ்.ஏ. பணத்துக்கு மாநில வரி போடுகின்றன. அங்கே இருப்பவர்களுக்கும் கூட்டாட்சி வரி மிச்சம்தான்.

கணக்கை நடத்தும் கம்பெனி அநேகமாக மருத்துவரின் கடிதம் கேட்கும். டூலா ஏன் மருத்துவ ரீதியாகத் தேவை என்று உங்கள் மகப்பேறு மருத்துவரோ மருத்துவச்சியோ எழுதித் தரவேண்டும். முந்தைய பிரசவம் சிசேரியன், இந்த முறை இயல்பாகப் பெற விருப்பம், முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தது, கடும் பதற்றம், உயர் ரத்த அழுத்தம், இப்படி உங்களுக்கு உண்மையில் இருக்கும் காரணத்தைக் குறிப்பிட்டால் கடிதத்துக்கு வலு வரும். வழக்கமான சோதனைக்குப் போகும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்.எஸ்.ஏவில் நாட்களைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்த தேதியை அது பார்ப்பதில்லை. சேவை நடந்த தேதியையே பார்க்கிறது. டிசம்பரில் முன்பணம் கொடுத்து, பிரசவம் மார்ச்சில் என்றால், அந்தச் செலவு அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் வரும். ஆகவே மார்ச்சில் குழந்தையை எதிர்பார்ப்பவர், முந்தைய ஆண்டு இறுதியில் வரும் ஓப்பன் என்ரோல்மென்ட் நேரத்திலேயே தொகையைக் கூட்டி எழுதிவிட வேண்டும். கர்ப்பமாக இருப்பது மட்டும் ஆண்டின் நடுவில் தொகையை மாற்றக் காரணம் ஆகாது, குழந்தை பிறந்தால்தான் மாற்றலாம். ஆனால் ஆண்டு முழுவதற்கும் எழுதிக்கொடுத்த தொகையை முதல் மாதத்திலேயே எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது எஃப்.எஸ்.ஏவின் பெரிய வசதி.

பில்லும் அப்பீலும்

நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டூலாவுக்கு நீங்கள் முதலில் கையிலிருந்து கொடுத்து, பிறகு கிளெய்ம் போடுவீர்கள். அதற்கு வெறும் ரசீது போதாது. சூப்பர்பில் என்ற விரிவான பில் வேண்டும். அதில் உங்கள் பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண். ஒவ்வொரு சந்திப்பின் தேதியும் இடமும். சேவைக் குறியீடு, நோயறி குறியீடு. கட்டணம், நீங்கள் கொடுத்த தொகை. டூலாவின் பெயர், முகவரி, வரி எண், என்.பி.ஐ. எண், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். என்.பி.ஐ. என்பது மருத்துவச் சேவை தருவோருக்குக் கூட்டாட்சி அரசு தரும் எண். டூலாவும் இலவசமாக வாங்கலாம், டூலாவுக்கெனத் தனி வகையே அதில் உண்டு. சேவைக் குறியீட்டிலும் டி1032, டி1033 என இரண்டு டூலாவுக்கென்றே இருக்கின்றன. டூலாவோடு ஒப்பந்தம் போடும் முன்பே "என்.பி.ஐ. இருக்கிறதா, சூப்பர்பில் தருவீர்களா" என்று கேளுங்கள். குழந்தை பிறந்த பிறகு, தூக்கமில்லாத வாரங்களில் இந்தக் காகிதங்களைத் துரத்துவது பெரும்பாடு.

கிளெய்ம் ஏற்கப்பட்டாலும் காசோலை வராமல் போகலாம். நெட்வொர்க்குக்கு வெளியே 3,000 டாலர் டிடக்டிபிள் இருந்து டூலாவின் பில் 1,800 டாலர் என்றால், அந்தத் தொகை டிடக்டிபிளில் கழிந்துவிடும். கைக்கு ஒன்றும் வராது. இதை முன்பே தெரிந்துகொண்டால் எச்.எஸ்.ஏ. பணத்தை அதற்கென்று ஒதுக்கலாம்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தில் காரணத்தைத் தேடுங்கள். குறியீடு தவறு, வரி எண் இல்லை என்றால் திருத்தி மறுபடி அனுப்பினால் போதும். மருத்துவத் தேவை இல்லை என்றால் அப்பீல் செய்யுங்கள். மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. மருத்துவரின் கடிதம், காக்ரேன் ஆய்வு, மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் 2014 அறிக்கை, நீங்கள் குறித்துவைத்த அழைப்பு எண்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். ஏற்கெனவே பெற்றுவிட்ட சேவை என்றால் கம்பெனி 60 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், இன்னும் பெறாத சேவை என்றால் 30 நாளுக்குள். அங்கும் மறுத்தால், நான்கு மாதத்துக்குள் வெளியார் பரிசீலனை கேட்கலாம். கம்பெனியோடு தொடர்பில்லாதவர் பார்த்து முடிவு சொல்வார்.

"டூலா சேவை இந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை" என்று திட்டப் புத்தகத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால் நிலைமை வேறு. அது மருத்துவத் தீர்ப்பு பற்றிய தகராறு இல்லை என்பதால் வெளியார் பரிசீலனைக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே நேரத்தை வீணாக்காமல் எச்.ஆருக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தை நிறுவனங்கள் பல மாதங்கள் முன்பே முடிவு செய்துவிடுகின்றன. கோடைக்குள் போய்ச் சேரும் கடிதத்துக்குப் பலன் அதிகம். இரண்டு மூன்று சக ஊழியர்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. ஒரு சிசேரியனுக்கு நிறுவனம் கொடுக்கும் தொகையையும் ஒரு டூலாவுக்கு ஆகும் தொகையையும் கடிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் தொகை உங்கள் நிறுவனத்தின் கணக்கிலேயே இருக்கும். பெனிஃபிட் பிரிவில் கேட்டால் தோராயமாகவாவது சொல்வார்கள்.